இரண்டாவது கப்பல்

என் அண்ணனைச் சுட்டு வீழ்த்துவதற்காக நான் ஏழு மாதம் உழைத்தேன். கணினித் திரையில்தான். ஆனால் அந்த ஏழு மாதமும் எனக்கு அது வெறும் திரையாகத் தோன்றவில்லை. கூடப் பிறந்தவன்மேல் இவ்வளவு வன்மமா என்று யாராவது கேட்டால், ஆமாம், இன்னும் கொஞ்சம் மிச்சமும் இருந்தது என்றுதான் சொல்வேன்.

நாங்கள் புனேயில் கட்கியில் இருந்தோம். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த அப்பா ராணுவத்துக்குக் குண்டு செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். குவார்ட்டர்ஸில் இரண்டு அறை. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தி, கடைக்குப் போனால் மராத்தி. என்னைவிட இரண்டு வயது மூத்தவனான அண்ணன் பிம்ப்ரியைத் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். அங்கே கணினி லேபில் உட்கார்ந்து சொந்தமாக ஒரு விண்வெளி ஆட்டம் எழுத ஆரம்பித்திருந்தான். ஒரு கப்பல், சுற்றிலும் பறக்கும் பாறைகள், நாலைந்து எதிரிக் கப்பல்கள். ஒருவர் மட்டும் ஆடும் ஆட்டம். சோற்றைப் பிசைந்துகொண்டே அதைப் பற்றித்தான் பேசுவான். பாறை வெடிக்கவில்லை, குண்டு பாறைக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விடுகிறது என்று கவலைப்படுவான். அம்மா பாவம், உண்மையான பாறை என்றே கொஞ்ச நாள் நினைத்திருந்தாள்.

அந்த வருடம் எனக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்தது. அவனைவிட நல்ல மதிப்பெண். அதே கல்லூரிக்கு விண்ணப்பம் போட முடிவாயிற்று. அதற்கு டொமிசைல் சான்றிதழ் வேண்டும். கட்கியில் பிறந்து, கட்கியில் வளர்ந்து, தெருவில் மராத்தியில் சண்டை போட்டுத் திரிந்த நான் இந்த மாநிலத்துப் பெண்தான் என்று ஒரு தாசில்தார் முத்திரை குத்திச் சொல்ல வேண்டும். இரண்டு நாள் அப்பாவோடு வரிசையில் நின்று வாங்கினேன். விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ததும் அம்மா நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி படத்துக்கு முன் வைத்து எடுத்தாள். எங்கள் வீட்டில் முக்கியமான காகிதம் எதுவும் மஞ்சள் படாமல் வெளியே போகாது.

"நீதான் தெனம் அங்க போறியே, நீயே ஆபீஸ்ல குடுத்துடு" என்று அப்பா அதை அண்ணனிடம் கொடுத்தார். மறுநாள் கடைசித் தேதி. மூன்று மணிக்குக் கவுண்டர் மூடிவிடும்.

மறுநாள் மாலை அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். "சர்ட்டிஃபிகேட்ல தாசில்தார் முத்திரை சரியா விழலையாம். வாங்க மாட்டேன்னு திருப்பிட்டாங்க" என்றான். நான் இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதேன். தாசில்தாரையும், அவர் முத்திரையையும், அந்த முத்திரைக்கு மை போட்டவனையும் சபித்தேன். அப்பா என் தலையைத் தடவி, "பி.எஸ்ஸி.யிலயும் கம்ப்யூட்டர் இருக்குதில்ல பாப்பா. அதே டப்பாதானே" என்றார். பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்ந்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து, கல்லூரிக்கு அவசரமாக ஒரு ஃப்ளாப்பி தேவைப்பட்டது. அண்ணனின் ஃப்ளாப்பி டப்பாவைத் திறந்தேன். அடியில், எட்டாக மடித்து, என் விண்ணப்பம் இருந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் இருந்தது. டொமிசைல் சான்றிதழ் அதோடு பின் அடித்தபடியே இருந்தது. முத்திரை அவ்வளவு தெளிவாக, அழகாக, நீலமாக விழுந்திருந்தது.

ஏன் அதைத் தூக்கி எறியவில்லை என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் வளர்ந்த எவனாலும் மஞ்சள் தடவிய காகிதத்தைக் கிழிக்க முடியாது, குப்பையில் போட முடியாது, கை வராது. தங்கையின் படிப்பைத் தொலைக்கலாம், மஞ்சளை மிதிக்கக் கூடாது. அந்த பக்தியால்தான் மாட்டிக்கொண்டான்.

டப்பாவில் இருந்த ஃப்ளாப்பிகளில் அவனுடைய ஆட்டத்தின் நகல்கள் இருந்தன. ஒவ்வொரு கோப்பும் எந்த நாள், எத்தனை மணிக்குச் சேமிக்கப்பட்டது என்று கணினி குறித்து வைத்திருக்கும். என் கல்லூரி லேபில் போட்டுப் பார்த்தேன். என் விண்ணப்பத்தின் கடைசித் தேதியன்று ஒரு கோப்பு. நேரம் பகல் இரண்டு ஐம்பத்திரண்டு. திறந்தால், முதல் வரியில் ஆங்கிலத்தில், 'பாறை வெடிக்கிறது, கடைசியில்!' என்று எழுதி வைத்திருந்தான். அவனுடைய லேப் இரண்டாம் மாடி. விண்ணப்பம் வாங்கும் கவுண்டர் அதே கட்டடத்தில் கீழ்த்தளம். எட்டு நிமிடம் இருந்திருக்கிறது. துரைக்கு இறங்கி வர நேரமில்லை, பாறை வெடித்துக்கொண்டிருந்தது.

வீட்டில் போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அப்பா அரை மணி நேரம் கத்துவார், அம்மா அழுவாள், ராத்திரி எல்லோரும் சேர்ந்து சாம்பார் சாதம் சாப்பிடுவோம், முடிந்துவிடும். எனக்கு அது போதாது. அவன் உயிரை வைத்திருக்கும் இடத்தில், அவனை மெச்சுகிறவர்கள் நடுவில், அவன் தோற்க வேண்டும். அதன்பிறகு அவன் வாயாலேயே எங்கள் வீட்டில் எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். இந்த இரண்டும்தான் எனக்கு வேண்டியிருந்தன. விண்ணப்பத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஆட்டத்தை மட்டும் நகல் எடுத்துக்கொண்டேன். ஒருவர் ஆடும் அந்த ஆட்டத்தில் இரண்டாவது கப்பல் ஒன்றைச் சேர்த்து, அதில் நான் ஏறிக்கொள்வது என்று தீர்மானித்தேன்.

அவன் எழுதியதைப் படிக்கப் படிக்க என் கோபம் இரண்டு மடங்காயிற்று. அந்த ஆட்டத்தில் அவனுடைய கப்பல் நகரவே நகராது. அது எப்போதும் நட்டநடுவில், பூஜ்யத்தில் நிற்கும். அவன் முன்னால் போக விசையை அழுத்தினால் கப்பல் போகாது, மொத்த அண்டமும் பின்னால் போகும். இடப்பக்கம் திருப்பினால் நட்சத்திரங்கள், பாறைகள், எதிரிகள் எல்லாம் வலப்பக்கம் சுழன்று கொடுக்கும். கணக்கு எளிதாக வர வேண்டும் என்று பலரும் அப்படி எழுதுவதுண்டு என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்கு அது ஒரு வாக்குமூலம்போல இருந்தது. ஐயா நகர மாட்டார், உலகம்தான் அவரைச் சுற்றி நகர வேண்டும்.

ஆனால் இரண்டு பேர் ஆட வேண்டுமென்றால் இரண்டு பேருமே நடுவில் நிற்க முடியாது. முதல் வேலையாக அவனை நடுவிலிருந்து கிளப்பினேன். அவனுக்கும் மற்ற எதிரிக் கப்பல்களைப்போல ஓர் இடம், ஒரு வேகம், ஒரு திசை கொடுத்தேன். அதற்கு மட்டும் இரண்டு மாதம் ஆயிற்று. ஒரு வரியில் அவனை நகர்த்தினால் இன்னும் நாற்பது வரியில் அவன் நடுவிலேயே உட்கார்ந்திருப்பான். ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து எழுப்பினேன். வாழ்க்கையில் நான் இவ்வளவு ரசித்துச் செய்த வேலை வேறு இல்லை.

அடுத்தது கேபிள். இரண்டு கணினிகளையும் பின்பக்கமாக ஒரு கேபிளால் இணைக்க வேண்டும். புத்வார் பேட் கடைத்தெருவில் ஒரு கடைக்காரர் பற்றவைத்துக் கொடுத்தார். மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டும் ஒன்றும் வரவில்லை. பிரித்துப் பார்த்தால், பேசும் கம்பியைப் பேசும் கம்பியோடும், கேட்கும் கம்பியைக் கேட்கும் கம்பியோடும் சேர்த்து வைத்திருந்தார். இரண்டு பக்கமும் பேசுகிறார்கள், கேட்க ஆளில்லை. எங்கள் வீடு மாதிரியே இருந்தது. கம்பியை மாற்றிப் போட்டதும் சரியாயிற்று.

அதற்குப் பிறகுதான் நிஜமான தலைவலி. பாறைகள் எங்கிருந்து வரும் என்பதைக் கணினி தாயக்கட்டை உருட்டுவதுபோல உருட்டித்தான் முடிவு செய்யும். இரண்டு கணினியும் தனித்தனியாக உருட்டின. அதனால் இரண்டு திரையிலும் சண்டை ஒன்றாகத் தொடங்கும், ஒரு நிமிடத்துக்குள் இரண்டு வெவ்வேறு சண்டையாகிவிடும். லேபில் எனக்கு ஜோடி யாரும் இல்லை. இந்த நாற்காலியில் உட்கார்ந்து நானே சுட்டு, அந்த நாற்காலிக்கு ஓடிப்போய் நானே சாவேன். ஓடிப்போய்ப் பார்த்தால் அங்கே நான் சாகவில்லை, ஜெயித்துக்கொண்டிருந்தேன். அவரவர் திரையில் அவரவர் ஜெயிக்கும் சண்டை எனக்கு எதற்கு? அவன் தோற்றது அவன் திரையிலேயே அவனுக்குத் தெரிய வேண்டும். கடைசியில் இரண்டு கணினியும் ஒரே எண்ணிலிருந்து உருட்டத் தொடங்கும்படியும், எதிராளி எந்த விசையை அழுத்தினான் என்று கேட்டுக்கொண்ட பிறகே அடுத்த அடி எடுத்து வைக்கும்படியும் மாற்றினேன். அதன்பிறகு இரண்டு திரையிலும் ஒரே சண்டை, ஒரே சாவு.

இந்த நேரத்தில் ஏமாற்ற வழி இருந்தது. என் குண்டுக்கு இரண்டு மடங்கு வலு வைத்திருக்கலாம். வைக்கவில்லை. நேர்மையாகத் தோற்கடித்தால்தான் அவனால் சாக்கு சொல்ல முடியாது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் கை வைத்தேன். கப்பல் அழிந்தால் தோற்றவனின் திரையில் 'ஆட்டம் முடிந்தது' என்று அவன் எழுதியிருந்தான். அதை எடுத்துவிட்டு என் வரிகளைப் போட்டேன்.

அவனிடம் சொன்னபோது அவன் சந்தோஷப்பட்டதை மறைக்காமல் எழுத வேண்டும். "அரே, சச்சி? நெசமாவா? என் கேமுக்கு நீ டூ பிளேயர் பண்ணியா?" என்று என் தலையைப் பிடித்து ஆட்டினான். அவன் அதை முயன்று பார்த்து விட்டுவிட்டிருந்தான். கல்லூரி முழுக்க என் தங்கச்சி, என் தங்கச்சி என்று சொல்லித் திரிந்தான். அப்போது ஒரு கணம் எனக்கு மனம் இளகியது. உடனே அந்த இரண்டு ஐம்பத்திரண்டை நினைத்துக்கொண்டேன், சரியாகிவிட்டது.

அவனுக்குக் கடைசி வருடம். கல்லூரி விழாவில் அதே இரண்டாம் மாடி லேபில் முப்பது நாற்பது பையன்கள் கூடி நின்றார்கள். இருவரும் முதுகுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தோம். இரண்டு வருடமாக அந்தக் கல்லூரியில் அவனை யாரும் அந்த ஆட்டத்தில் மிஞ்சியதில்லை. ஆனால் நட்டநடுவில் நின்று ஆடித்தான் அவன் விரல்களுக்குப் பழக்கம். இப்போது அவன் கப்பலே நகர்ந்ததால் அவனுக்கு நிறுத்தத் தெரியவில்லை. பாறையை விட்டு விலகப் போய் அடுத்த பாறைமேல் மோதப் பார்த்தான். நான் பின்னாலேயே போய்ச் சுட்டேன். ஆரம்பித்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அவன் திரையில் ஆங்கிலத்தில் வரி வந்தது: 'முத்திரை தெளிவாக இல்லை. விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படுகிறது.' பையன்கள் ஓவென்று சிரித்தார்கள். வேடிக்கைக்குப் போட்டது என்று நினைத்தார்கள். அவனும் கூடச் சிரித்து, "சல், வா, இன்னொண்ணு" என்றான். அவனுக்கு அது நினைவிலேயே இல்லை. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்குக் காதெல்லாம் சுட்டது.

இரண்டாவது தடவை கொஞ்சம் நேரம் தாக்குப் பிடித்தான். பிறகு அதுவும் முடிந்தது. அவன் திரையில்: 'கவுண்டர் கீழ்த்தளத்தில். மணி 2:52. பாறை வெடிக்கிறது, கடைசியில்!' ஒரு பையன் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டான். நான் திரும்பிப் பார்த்தேன். விசைப்பலகைமேல் வைத்த கையை அண்ணன் எடுக்கவே இல்லை, காது மடல் வரை வெளுத்துப்போயிருந்தான். ஏழு மாதத்துக்குக் கூலி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

மாடிப்படியில் என்னைப் பிடித்து நிறுத்தினான். "எப்பத் தெரியும்?" என்றான்.

"டப்பாவுல ஃபார்ம் பாத்தேன். வீட்ல நீயே சொல்லு. அப்பாகிட்ட சொல்லு, எனக்கு அது போதும்."

அவன் படியில் உட்கார்ந்துவிட்டான். "அப்பாகிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன்டீ. ஃபேக்டரி கேட்டுக்கே போய், ஷிஃப்ட் விட்டு வர்றப்போ அழுதுகினே சொன்னேன். அடுத்த ரெண்டு நாள் லேட் ஃபீஸ் கட்டினா வாங்கறாங்கன்னு போர்டு போட்டிருந்தாங்க. அதுக்குத்தான் ஃபார்மை பத்திரமா வெச்சிருந்தேன். அவர்தான், போனது போகட்டும், பொண்ணுக்கு எதுக்கு இன்ஜினியரிங், போதும், இதோட விடுன்னாரு. முத்திரை விஷயமும் அவர் சொல்லிக் குடுத்ததுதான். எனக்கு அதெல்லாம் எங்க தெரியும்?"

எனக்கு அந்தப் படியிலேயே உருண்டுவிடலாம்போல இருந்தது. உண்மைதானே, தாசில்தார் முத்திரை என்பதெல்லாம் ஒரு பத்தொன்பது வயதுப் பையனுக்குத் தோன்றும் பொய்யா? அலுவலகம் அலுவலகமாக அலைந்த ஆளுக்குத்தான் தோன்றும். ஏழு மாதம் ஒருவனைக் குறி வைத்துச் சுட்டேன், குறி தப்பவில்லை, ஆள்தான் தப்பு. இல்லை, இவனும் சுட வேண்டிய ஆள்தான். இரண்டு வருடத்துக்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தானே.

வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "யாரு ஜெயிச்சது?" என்றார்.

"நான்தாம்பா."

"அண்ணன்தானே. விட்டுக் குடுத்திருக்கலாமில்ல" என்றார்.

அன்று அவரிடம் கேட்டிருந்தால் அது வெறும் கத்தலாகப் போயிருக்கும். உள்ளே போய்க் கை கால் கழுவினேன்.

அண்ணன் வேலை கிடைத்து பெங்களூர் போனான். எனக்குப் புனேயிலேயே முதலில் விமான் நகரில், பிறகு மகர்பட்டாவில் வேலை கிடைத்தது. அதே டப்பாதான், அப்பா சொன்னது சரி. என்னோடு வேலை பார்த்த இன்ஜினியர்களைவிட ஒரு படி கீழே, அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு இருந்தேன். அப்பா ஓய்வு பெற்றதும் அதே கட்கியில் வாடகை வீடு எடுத்தோம். ஓய்வூதியக்காரர்கள் ஒவ்வொரு நவம்பரிலும், தாங்கள் உயிரோடு இருப்பதாக ஒரு சான்றை வங்கியில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஓய்வூதியம் நின்றுவிடும். ஒரு வருடம் அவருக்கு முழங்கால் வீங்கியிருந்தது. தெரிந்த அதிகாரி ஒருவரிடம் கையெழுத்து வாங்கி, போகிற வழியில் வங்கியில் கொடுத்துவிடும்படி என்னிடம் தந்தார்.

வங்கி வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தினேன். உள்ளே கூட்டம்கூட இல்லை. ஐந்து நிமிடம் நின்றேன், பிறகு வண்டியைக் கிளப்பிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். நவம்பர் முழுக்க அந்தக் காகிதம் என் பையில் இருந்தது. நான் அதை மறக்கவில்லை. தினமும் டிபன் டப்பாவை எடுக்கும்போது அதைப் பார்த்தேன்.

பணம் வரவில்லை என்று தெரிந்ததும் அவர் நொண்டிக்கொண்டே வங்கிக்குப் போய் வந்தார். நான் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அம்மா சமையலறையில் இருந்தாள்.

"பேப்பர் வரலேன்னு சொல்றான். நீ குடுக்கலியா?"

"இல்ல."

"மறந்துட்டியா பாப்பா?"

"இல்லப்பா. மறக்கல."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். நான் பார்வையை எடுக்கவில்லை. அவருக்குப் புரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். "அவன் சொல்லிட்டானா?" என்றார்.

"அவன் சொன்னது இருக்கட்டும். நீங்க சொல்லுங்க."

முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, தரையைப் பார்த்துச் சொன்னார். "லேட் ஃபீஸோட வாங்கறாங்கன்னு அவன் வந்து சொன்னான். நான்தான் வேணாம்னேன். நீ படிச்சா எங்களையெல்லாம் மதிக்கமாட்டியோன்னு பயம். முத்திரைன்னு சொல்லச் சொன்னதும் நான்தான்."

இத்தனை வருடம் நான் கேட்க நினைத்தது இதுதான். கேட்டும் ஒன்றும் ஆறவில்லை. சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. அம்மா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். அவளுக்கு இது எதுவும் தெரியாது. தாசில்தாரை அவளும் என்னோடு சேர்ந்து சபித்தவள்.

"சாமி முன்னால வெச்சு எடுத்துக் குடுத்தேன்யா" என்றாள். உள்ளே போய் அடுப்பை அணைத்தாள்.

அப்பா புதுக் காகிதம் எழுதி, தானே போய்க் கொடுத்தார். ஓய்வூதியம் அடுத்த மாதமே வந்துவிட்டது. ஆனால் அம்மா அன்றிலிருந்து அவருக்குத் தட்டு வைப்பதில்லை. சமைத்து மூடி வைக்கிறாள். அவர் எழுந்து போய், தானே போட்டுக்கொண்டு, தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "ஒங்கம்மாகிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லேன் பாப்பா" என்றார்.

நான் சொன்னால் அம்மா கேட்பாள். நான் சொல்லவில்லை.